சொந்தக் கையால் ஒரு 1:10 டிஃபென்டர்: ஆர்சி ட்ரக் கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆர்சி வண்டியை, அதாவது ரிமோட்டில் ஓடும் மாடல் வண்டியை, பெட்டியோடு வாங்கி அன்றைக்கே ஓட்டுவது ஒரு வகை. சேஸிஸ் (அடிச்சட்டம்), ஆக்ஸில் (அச்சு), கியர்பாக்ஸ், பாடி என்று ஒவ்வொன்றையும் தனியாகத் தேர்ந்தெடுத்து, வெட்டி ஒட்டி, நிஜ வண்டி ஒன்றின் சிற்றுருவாகக் கொண்டுவருவது வேறு வகை. இந்தப் பக்கம் இரண்டாவது வகையைப் பற்றியது. பொதுவாகப் பேசினால் எதுவும் கையில் நிற்காது. அதனால் லேண்ட் ரோவர் டிஃபென்டர் 110ஐ எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். அதன் பாடி பெரும்பாலும் தட்டையான தகடுகள்தான் என்பதால் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டிச் செய்யவும் தோதானது. வேறு வண்டி கட்டுபவர்கள் அளவுகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில் எதை வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள். எந்த வண்டி, எந்த வருட மாடல் என்று முடிவு செய்து, நிஜ அளவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். டிஃபென்டர் 110இன் வீல்பேஸ், அதாவது முன் அச்சிலிருந்து பின் அச்சு வரையுள்ள தூரம், 2794 மி.மீ. அகலம் ஏறத்தாழ 1790, இடது டயரின் நடுவிலிருந்து வலது டயரின் நடு வரை 1486. பத்தால் வகுத்தால் 279, 179, 149. உங்கள் வண்டியின் ஜாதகமே இந்த மூன்று எண்கள்தான்.

சேஸிஸைப் பிறகு பாருங்கள். ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10 II வண்டியின் வீல்பேஸ் 313 மி.மீ., டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 வண்டிக்கு 324. பெட்டியில் 1:10 என்று போட்டிருந்தாலும், 2794ஐ 324ஆல் வகுத்தால் 8.6 வருகிறது. நீளவாக்கில் அது 1:8.6 டிஃபென்டர். அதற்கென்று வரும் பாடியும் அந்த நீளத்துக்கு ஏற்றபடிதான் இருக்கும். அதன் மேலே 1:10 ஜெர்ரி கேனையும் 1:10 ஓட்டுநர் பொம்மையையும் வைத்துப் பாருங்கள், ஏதோ இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், என்னவென்றுதான் பிடிபடாது. சேஸிஸை முதலில் வாங்கிவிட்டு அதற்குப் பொருந்தும் பாடியைத் தேடுபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள்.

313 மி.மீ. சேஸிஸை 279க்குக் குறைக்க முடியுமா?

முடியும். ஏணி வடிவ இரும்புச் சட்டம் உள்ள சேஸிஸ் என்றால் வேலை சுலபம். 34 மி.மீ. எடுக்க வேண்டும். சட்டத்தின் பின்பகுதியை வெட்டி, பின் ஷாக் தாங்கிகளை முன்னே நகர்த்தி, ஆக்ஸிலைச் சட்டத்தோடு இணைக்கும் கம்பிகளான பின் லிங்க்குகளைக் குட்டையாக்குவது வழக்கமான முறை. கீழ் லிங்க்கை மட்டும் குறைத்துவிட்டு மேல் லிங்க்கை அப்படியே விட்டால் ஆக்ஸில் திரும்பிக்கொள்ளும். அதன் பினியன் முனை கியர்பாக்ஸைப் பார்க்காமல் தரையையோ வானத்தையோ பார்க்கும், கியர்பாக்ஸையும் அந்த முனையையும் இணைக்கும் தண்டான டிரைவ்ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இழுத்து இழுத்து ஓடும். ஆகவே மேல், கீழ் இரண்டையும் சேர்த்தே கணக்கிடுங்கள். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது டிரைவ்ஷாஃப்டின் உள்குழல் முட்டக் கூடாது, முழுதாகத் தொங்கும்போது கழன்று வரவும் கூடாது. திருகுகளை இறுக்கும் முன் இரண்டு நிலையிலும் கையால் அமுக்கியும் தூக்கியும் பார்த்துவிடுங்கள்.

டயர் பெரிதாக இருந்தால் நன்றாக ஏறும் என்கிறார்களே?

ஏறும். ஆனால் வண்டியின் தோற்றத்தைக் கெடுப்பதில் டயருக்குத்தான் முதலிடம். கணக்கைப் பாருங்கள். பழைய 110களில் வந்த 7.50-16 டயரின் விட்டம் ஏறத்தாழ 80 செ.மீ., மாடலில் 80 மி.மீ. கடைகளில் அதிகம் விற்கும் 1.9 அங்குல ரிம்முக்கான டயர்களோ 100லிருந்து 120 மி.மீ. வரை. நிஜத்தில் அது ஒரு மீட்டருக்கு மேல் உயரமான டயர். அத்தனை பெரிய டயரோடு எந்த டிஃபென்டரும் கம்பெனியிலிருந்து வெளியே வந்ததில்லை.

ரிம்மிலும் இதே கதைதான். 1.9 அங்குலத்தைப் பத்தால் பெருக்கினால் 19 அங்குலம். நிஜ வண்டிக்கு 16. ஆக, இந்த வண்டிக்குச் சரியானது 1.55 அங்குல ரிம்தான். அதற்கு 90 மி.மீ. விட்டத்தில் டயர்கள் கிடைக்கின்றன. 80க்கு அது கொஞ்சம் பெரிது. நிஜத்திலும் காட்டுப் பயணத்துக்குப் போகிறவர்கள் ஒரு சுற்றுப் பெரிய டயர் போடுவது உண்டு என்பதால் உறுத்தாது. பாறை ஏறுவதில் ஒரு பங்கு குறையத்தான் செய்யும். நான் எப்போதும் சின்ன டயர் கட்சி. சின்ன டயரோடு ஒரு பாறையைத் தாண்ட எந்தக் கோணத்தில் ஏறுவது, எந்தச் சக்கரத்தை முதலில் வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, நிஜ ஓட்டுநர் யோசிப்பதைப் போலவே.

அகலத்தையும் கவனியுங்கள். கிராலர் எனப்படும் பாறை ஏறும் ஆர்சி வண்டிகளில், பெரும்பாலான 1:10 ஆக்ஸில்கள் 149 மி.மீ. கணக்கை விட அகலமானவை. டயர் பாடிக்கு வெளியே துருத்தி நிற்கும். குறுகிய ஆக்ஸில் வாங்கலாம், அல்லது ஆஃப்செட் வேறாக உள்ள ரிம் போட்டு டயரை உள்ளே இழுக்கலாம்.

லீஃப் ஸ்பிரிங் போடுவதா, காயில் ஸ்பிரிங் போடுவதா?

நிஜ வண்டியிடமே கேட்டுவிடலாம். பழைய சீரிஸ் லேண்ட் ரோவர்கள் லீஃப் ஸ்பிரிங்கில், அதாவது அடுக்கிய பட்டைகளில், நின்றவை. 1983இல் ஒன் டென் வந்தபோதுதான் காயில், அதாவது சுருள் வில், வந்தது. அந்த வண்டிக்கே 1990இல் டிஃபென்டர் என்று பெயர் வைத்தார்கள். 2016 ஜனவரியில் சோலிஹல் ஆலையில் கடைசி வண்டி இறங்கும் வரை அடிப்படை மாறவில்லை. முன்னால் இரண்டு ரேடியஸ் ஆர்ம், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க, குறுக்கே ஒரு பானார்ட் ராட். பின்னால் கீழே இரண்டு லிங்க், மேலே ஏ வடிவச் சட்டம். மாடல் கடைகளில் கிடைக்கும் லிங்க் சஸ்பென்ஷன் இதற்கு மிக நெருக்கமானது, எனவே 110க்குக் காயில்தான்.

சீரிஸ் வண்டியோ பழைய டொயோட்டா ஹைலக்ஸோ கட்டுகிறீர்கள் என்றால் லீஃப் போடுங்கள். வாங்கிய நிலையில் அது பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். கட்டிலிருந்து ஓரிரண்டு பட்டைகளைக் கழற்றினால் வண்டி அழகாக அசையும்.

இன்னொரு நுணுக்கம்: டிஃபென்டரில் இரண்டு ஆக்ஸிலின் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்) உருண்டையும் நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளியிருக்கும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். சக்கரத்தருகே கியர் வைத்து உயர்த்திய போர்ட்டல் ஆக்ஸில் இந்த வண்டிக்குக் கிடையாது. அதைப் போட்டால் தரை இடைவெளி கூடும், லேண்ட் ரோவரின் முகவெட்டு போய்விடும்.

ஸ்டியரிங் சர்வோவை ஆக்ஸில் மேலே வைக்கலாமா, சேஸிஸிலா?

சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டிதான் சர்வோ. அதை ஆக்ஸில் மேல் வைத்தால் அமைப்பது எளிது, பார்க்க அசிங்கம். முன் கிரில்லுக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி ஆக்ஸிலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். சேஸிஸில் வைத்தால் நிஜ வண்டியின் ஸ்டியரிங் பெட்டி இருக்கும் இடத்திலேயே உட்காரும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சர்வோவிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கும், ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பானார்ட் ராடும் ஒரே நீளத்தில், ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி மேடு ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். முன்னால் நின்று, சேஸிஸைக் கையால் மேலும் கீழும் அமுக்கிப் பாருங்கள். டயர் திரும்பாமல் நின்றால் வேலை முடிந்தது.

சர்வோவின் விசை 20 முதல் 25 கிலோ-செ.மீ. இருக்கட்டும். மின்சாரம் கொடுத்து நடுநிலைக்கு வந்த பிறகே அதன் கொம்பை மாட்டுங்கள்.

மோட்டார், கியர் எப்படித் தேர்ந்தெடுப்பது?

வேகத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். காட்டுப் பாதையில் 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, பத்தில் ஒன்றான மாடலில் 4 கி.மீ. வேகம், அதாவது நாம் சாதாரணமாக நடக்கும் வேகம். பாறைமேல் ஊர்வது மணிக்கு 5 கி.மீ. என்றால் மாடலில் நொடிக்கு 14 செ.மீ. தான்.

இப்போது ஒரு கணக்கு. 1200 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1200 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டாரை 11.1 வோல்ட் மூன்று செல் பேட்டரியில் ஓட்டினால், சுமை இல்லாதபோது நிமிடத்துக்கு 13,320 சுற்று. கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் சேர்ந்த மொத்தக் குறைப்பு 40 என்றால் சக்கரத்துக்கு 333 சுற்று. டயர் விட்டம் 90 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 28 செ.மீ. நிமிடத்துக்கு 94 மீட்டர், மணிக்கு ஐந்தரை கி.மீ. கூடவே நடந்து போகலாம், தாராளமாகப் போதும். டயர் சின்னதானால் மொத்தக் குறைப்பும் தானாகக் கிடைக்கிறது, இதுவும் சின்ன டயரின் நன்மை.

பிரஷ் மோட்டார் போதுமா என்றால், போதும். 35 முதல் 55 டர்ன் (கம்பிச் சுற்று) வரை உள்ள 540 அளவு மோட்டார் மலிவானது, மெதுவாக நன்றாக ஊரும். டர்ன் எண் கூடக் கூட வேகம் குறையும். பிரஷ்லெஸ் வாங்குவதானால் சென்சாரோ எஃப்ஓசி என்ற நுண்மையான மோட்டார் கட்டுப்பாடோ உள்ளதாகப் பாருங்கள். அவை இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார்கள் மிகக் குறைந்த வேகத்தில் திக்கித் திணறும்.

டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடலாமா?

பூட்டிவிடுங்கள். பெரும்பாலான கிராலர்கள் அப்படித்தான் வருகின்றன. திரும்பும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினாலும் மறு சக்கரம் வேலை செய்யும்.

இஎஸ்சியில் எதைப் பார்த்து வாங்குவது?

இஎஸ்சி என்பது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. அதில் முதலில் பார்க்க வேண்டியது டிராக் பிரேக். விசையைவிட்டு விரலை எடுத்ததும் வண்டி சரிவில் அப்படியே நிற்க வேண்டும். அதை நூறு சதவீதம் வரை வைக்கக்கூடிய கிராலர் இஎஸ்சியாகப் பாருங்கள். அடுத்தது, சர்வோவுக்கு மின்சாரம் கொடுக்கும் பிஇசி. சக்கரம் பாறையில் சிக்கியிருக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் பெரிய சர்வோ ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் கேட்கும். பிஇசி தாங்காவிட்டால் ரிசீவர் அணைந்து மறுபடி இயங்கும், அதுவரை வண்டி சில நொடிகள் செத்துக் கிடக்கும். ரிமோட்டைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். தனி பிஇசி ஒன்று போட்டால் தீர்ந்துவிடும்.

லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஆபத்தானதா?

மரியாதையாக நடத்தினால் இல்லை. ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், எடுத்து வைக்கும்போது 3.8. இஎஸ்சியில் லிபோ என்று அமைத்து, 3.2க்குக் கீழே போகாமல் நிறுத்துங்கள். செல்களைச் சமப்படுத்தும் சார்ஜர் கட்டாயம். தீ தாங்கும் பையில் வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். உப்பிய பேட்டரி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அதோடு முடிந்தது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓட்டுவதானால் 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரியே போதும்.

பாடிக்கு லெக்ஸானா, ஏபிஎஸ்ஸா, நானே வெட்டிச் செய்யலாமா?

லெக்ஸான் என்ற பாலிகார்பனேட் தகடு மெல்லியது, எடை இல்லாதது, உருண்டாலும் உடையாது. பெயின்ட்டை உள்பக்கம் அடிக்க வேண்டும். ஆனால் கதவு இடுக்கும் கீலும் வெறும் மேடு பள்ளமாகத்தான் தெரியும். ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த பாடி கனம், ஆனால் நிஜ வண்டி மாதிரியே கதவு திறக்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும்.

டிஃபென்டரைப் பொறுத்தவரை நீங்களே செய்வது கனவல்ல. 1.5 மி.மீ. ஸ்டைரீன் ஷீட்டில் பக்கத் தகடுகள், 1 மி.மீ. ஷீட்டில் கதவின் வெளித்தோல். கத்தியால் ஒரே வெட்டில் அறுக்க முயலாதீர்கள். எஃகு ஸ்கேலை வைத்து லேசாக இரண்டு மூன்று முறை கீறி, மடக்கினால் சுத்தமாக ஒடியும். மூலைகளின் உள்ளே சதுரக் கம்பி ஒட்டி வலுக்கொடுங்கள். ஒட்டுவதற்கு, பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் மாடல் சிமென்ட் மட்டுமே. சூப்பர் குளூ விறைத்துப்போய், முதல் உருளலில் தெறிக்கும். அதோடு கண்ணாடிக்குப் பக்கத்தில் சூப்பர் குளூ போனால் வெள்ளை மூட்டம் படிந்துவிடும். ஜன்னலுக்கு வெள்ளைக் கோந்து போதும், காய்ந்ததும் தெரியாது.

அளவு சரிபார்க்க இரண்டு எண்கள் தருகிறேன். டிஃபென்டரின் வட்ட ஹெட்லைட் 7 அங்குலம், மாடலில் 17.8 மி.மீ. 20 லிட்டர் ஜெர்ரி கேன் 47 மி.மீ. உயரம், 34.5 அகலம், 16.5 தடிமன். கடையில் வாங்கும் துணைப் பொருள்களை இந்த அளவோடு ஒப்பிட்டுவிட்டு எடுங்கள்.

3டி பிரின்ட் செய்த பாகங்கள் நிற்குமா?

எதில் அச்சடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். நம்மூர் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டை எட்டிவிடும், கூரை ரேக் வளைந்து தொங்கும். வெளிப் பாகங்களுக்கு பிஇடிஜி அல்லது ஏபிஎஸ். லிங்க், ஸ்டியரிங் கை போல விசை தாங்குபவற்றை உலோகத்தில்தான் போட வேண்டும்.

மஞ்சள் நிற டிஃபென்டர் ஒன்றை எல்லோரும் கட்டுகிறார்களே, அது என்ன?

கேமல் டிராஃபி வண்டி. 1980 முதல் 2000 வரை நடந்த சாகசப் பயணம் அது. 1981லிருந்து 1998 வரை லேண்ட் ரோவர் நிறுவனத்தின் வண்டிகள்தான் ஓடின. 1988இல் சுலாவெசியிலும் 1989இல் அமேசானிலும் சென்றவை 110கள். அந்த மஞ்சளுக்கு சாண்ட்குளோ என்று பெயர். எலுமிச்சை மஞ்சள் கிடையாது, பழுப்புக் கலந்த மணல் மஞ்சள். பளிச்சென்ற மஞ்சள் டப்பாவை வாங்கி அடித்தால் பொம்மை போலாகிவிடும்.

பிரைமர் அடித்து, 800 நம்பர் உப்புத்தாளை நனைத்து மெல்லத் தேய்த்து, அப்புறம் நிறத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருந்தால் ஸ்ப்ரே பெயின்ட் வெளுத்துப்போகும், வெயில் வரும் வரை பொறுங்கள்.

துருவும் சேறும் வரைவது எப்படி?

முதலில் எங்கே துருப்பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் பார்க்கும் மாடல்களில் பாதிக்கு மேல் தவறுவது இங்கேதான். டிஃபென்டரின் கதவுத்தோல், பக்கத் தகடு, மட்கார்டு எல்லாம் அலுமினியக் கலவை. அதில் செந்துரு வராது. பெயின்ட் பெயர்ந்தால் உள்ளே மங்கிய சாம்பல் உலோகம்தான் தெரியும். இரும்போடு அலுமினியம் தொடும் விளிம்பில் பெயின்ட் கொப்பளித்து வெள்ளைப் பொடி தட்டும். செந்துரு வருவது சேஸிஸ், முன் கண்ணாடிக்குக் கீழேயுள்ள பல்க்ஹெட், கதவுச் சட்டம், கீல், பம்பர் போன்ற இரும்புப் பாகங்களில். கதவு நடுவே பெரிய செந்துருத் திட்டு வரைந்தால், லேண்ட் ரோவர் தெரிந்தவர் அரை நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

சேற்றுக்கு, நீங்கள் ஓட்டும் இடத்து மண்ணையே நன்றாகச் சலித்து, பளபளப்பற்ற வார்னிஷில் குழைத்து, பழைய பிரஷ்ஷால் சக்கர வளைவிலிருந்து பின்னோக்கித் தெறிக்க விடுங்கள். கண்ணாடியில் வைப்பர் துடைத்த வளைவு மட்டும் சுத்தமாக இருக்கட்டும்.

கூரை ரேக் நிறைய சாமான் ஏற்றினால் வண்டி கவிழ்கிறதே?

கவிழத்தான் செய்யும். நிஜ 110 ஏறத்தாழ இரண்டு டன். மூன்று திசையிலும் பத்தில் ஒன்றாக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்று, அதாவது இரண்டு கிலோ. ஏபிஎஸ் பாடியும் உலோகச் சேஸிஸும் போட்டுக் கட்டும் வண்டிகள் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடும். அந்தக் கூடுதல் எடை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். ரேக்கைப் பித்தளைக் கம்பியில் பற்றவைக்காமல் ஸ்டைரீன் கம்பியில் செய்யுங்கள். ரேக்கில் வைக்கும் பெட்டிகள் உள்ளே பொள்ளலாக இருக்கட்டும். உதிரி டயருக்குள் ஃபோம் வேண்டாம். பித்தளையை ஆக்ஸில் முனைகளிலும் ரிம்முக்குள்ளும் போடுங்கள், அதிலும் முன்பக்கம் சற்றுக் கூடுதலாக. பேட்டரியை பானெட்டுக்குக் கீழே கொண்டுவந்தால் ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்காது. முன்னால் 55 முதல் 60 சதவீதம் எடை நின்றால் நன்றாக ஏறும். சமையலறைத் தராசில் முன், பின் டயர்களைத் தனித்தனியாக வைத்து நிறுத்துப் பார்த்துவிடலாம்.

தண்ணீரில் ஓட்டலாமா?

இஎஸ்சி, சர்வோ, ரிசீவர் மூன்றும் நீர் புகாதவையாக இருந்தால் ஓடையில் இறக்கலாம். டயரின் காற்றுத் துளை வழியே ஃபோம் தண்ணீர் குடிக்கும், பிழிந்து காயவையுங்கள். பேரிங்குகளில் எண்ணெய் விடுங்கள். கடல் தண்ணீரில் மட்டும் இறக்காதீர்கள். உப்பு எதையும் விட்டுவைக்காது.

இதெல்லாம் புதிய மோகமா?

இல்லை. ஜப்பானின் டாமியா 1981லேயே ஏணிச் சட்டம், லீஃப் ஸ்பிரிங், மூன்று வேக கியர்பாக்ஸோடு டொயோட்டா ஹைலக்ஸை வெளியிட்டது. 1985இல் ப்ரூசர் வந்தது. அவற்றை இன்றும் பழுது பார்த்து ஓட்டுகிறார்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

உலோகத்துக்குள் போகும் ஒவ்வொரு திருகிலும் நீல நிறப் பூட்டுத் திரவம் ஒரு சொட்டு. பிளாஸ்டிக்குக்குள் போகும் திருகுக்கு அது வேண்டாம். சிலவகைப் பிளாஸ்டிக்கை அது விரிசல் விடச் செய்யும். மோட்டாரின் சிறு கியரான பினியனுக்கும் அது சுழற்றும் ஸ்பர் கியருக்கும் நடுவே ஒரு துண்டுத் தாளை விட்டு இறுக்கி, தாளை உருவிவிட்டால் இடைவெளி சரியாக அமையும். வண்டியைக் கட்டைமேல் தூக்கி வைத்து நான்கு சக்கரமும் ஒரே திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஆக்ஸிலைக் கழற்றி மாட்டும்போது தலைகீழாகப் போய், முன்னும் பின்னும் எதிரெதிராகச் சுற்றுவது சகஜம். ரிமோட்டை முதலில் போட்டு வண்டியைப் பிறகு போடுங்கள், அணைக்கும்போது வண்டியை முதலில் அணையுங்கள். பத்து நிமிடம் ஓட்டியபின் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத அளவு சுட்டால் பினியனை ஒன்றிரண்டு பல் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.